தண்ணீர் வடிந்த பிறகு வரிசை ஏன் உடைகிறது?

2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலுக்குப் பிறகு வட சென்னையின் புளியந்தோப்பு, வியாசர்பாடி பக்கம் எடுத்த சில வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "ஜனங்கள் சாலையை மறிக்கிறார்கள், நிவாரண வண்டியை மொய்த்துக் கையில் கிடைத்ததைப் பிடுங்குகிறார்கள். பேரிடர் வந்தால் மனிதர்கள் ஏன் இப்படி ஆகிவிடுகிறார்கள்? ஒழுங்கு ஏன் இத்தனை சீக்கிரம் குலைகிறது? அதிலும் வட சென்னையில் ஏன்?"

நான் வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவன். வெள்ளக் காலத்தில் தெருவில் இறங்கி வேலை செய்யும் இளைஞர்களுக்குப் பல வருடங்களாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். இது பற்றி உலகத்தில் நடந்த ஆய்வுகளையும் தேடிப் படிக்கிறவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

தண்ணீர் வந்ததால் ஒழுங்கு குலைவதில்லை. தண்ணீர் ஏறும் அந்த முதல் ஒன்றிரண்டு நாளில் தெரு மற்ற நாட்களைவிடக் கட்டுக்கோப்பாக இருக்கும். குலைவது அதற்குப் பிறகு, நிவாரணம் வரத் தொடங்கும்போது. அப்போதும் எல்லா இடத்திலும் குலைவதில்லை. தனக்கு வருமா வராதா, எப்போது வரும், யாரைக் கேட்பது என்று ஒருவருக்கும் தெரியாத இடத்தில்தான் குலைகிறது. நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒரு விஷயத்தின் விளக்கம்தான்.

முதல் நாளில் இருந்து தொடங்குகிறேன். மழை விடாமல் கொட்டி, ஓட்டேரி நல்லா ஓடையும் பக்கிங்காம் கால்வாயும் நிரம்பி, தண்ணீர் திரும்பித் தெருவுக்குள் ஏறும். கணேசபுரம் சுரங்கப்பாதையை மூடிவிடுவார்கள். கரண்ட் போய்விடும். கீழ்வீட்டில் இருப்பவர்கள் கேஸ் சிலிண்டரையும் ரேஷன் கார்டு, ஆதார் இருக்கும் பையையும் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறுவார்கள். தண்ணீர் பிடிக்கும் தகராறில் ஒரு மாதமாக முகம் கொடுத்துப் பேசாதவர்களாக இருப்பார்கள், ஆனால் அன்றைக்கு மாடி வீட்டுக் கதவு திறந்தே இருக்கும். ஒரு வீட்டு அரிசி, இன்னொரு வீட்டுப் பருப்பு, மூன்றாவது வீட்டு அடுப்பு. படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரை நாற்காலியோடு நாலு பையன்கள் தூக்கிப் போவார்கள். அந்தப் பையன்களில் ஒன்றிரண்டு பேர் மீது ஸ்டேஷனில் கேஸ் இருந்தாலும் இருக்கும். எந்த அதிகாரியும் உத்தரவு போட்டு இது நடப்பதில்லை.

என் ஊர் என்பதற்காக இப்படிச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 1963இல் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேரிடர்களை ஆராய்வதற்கென்றே ஒரு மையம் தொடங்கினார்கள். என்ரிகோ குவாரன்டெல்லி, ரஸ்ஸல் டைன்ஸ் ஆகியோர் அதன் நிறுவனர்களில் முக்கியமானவர்கள். 1985இல் அது டெலவேர் பல்கலைக்கழகத்துக்கு மாறியது. நூற்றுக்கணக்கான பேரிடர்களுக்கு ஆட்களை அனுப்பி, நேரில் விசாரித்து எழுதினார்கள். திரும்பத் திரும்ப அவர்களுக்குத் தெரிய வந்தது இதுதான்: மிரண்டு போய் கண்மண் தெரியாமல் ஓடுவது அபூர்வம், கொள்ளை அபூர்வம், பெரும்பாலான உயிர்களைக் காப்பாற்றுவது அக்கம்பக்கத்து ஆட்கள். 1995இல் ஜப்பானின் கோபே நகரில் நிலநடுக்கம் வந்தபோதும் இடிபாடுகளில் இருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே இழுத்தது குடும்பத்தாரும் பக்கத்து வீட்டாரும்தான். 2015 டிசம்பரில் நம் ஊரிலேயே பார்த்தோம். கடலோரக் குப்பங்களின் மீனவர்கள் படகுகளை லாரியில் ஏற்றி ஊருக்குள் கொண்டுவந்து, தெருத்தெருவாக மாடிகளில் தவித்தவர்களை இறக்கினார்கள். யாரும் அவர்களிடம் டெண்டர் கேட்கவில்லை.

ஏன் இப்படி நடக்கிறது? இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜான் ட்ரூரி, 2005 லண்டன் குண்டுவெடிப்பில் சுரங்க ரயிலில் சிக்கித் தப்பியவர்களின் அனுபவங்களை ஆராய்ந்தார். முன்பின் தெரியாதவர்கள் இருட்டில் ஒருவருக்கொருவர் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள், கட்டுப் போட்டிருக்கிறார்கள், முதலில் நீங்கள் போங்கள் என்று வழிவிட்டிருக்கிறார்கள். ஒரே ஆபத்தில் எல்லோரும் இருக்கிறோம் என்ற எண்ணம் வந்ததும் அந்நியர்கள் சட்டென்று ஒரு கூட்டமாக, நாம் என்ற உணர்வோடு நடந்துகொள்கிறார்கள் என்பது அவர் சொல்லும் விளக்கம். வெள்ளத்தில் ஒரு தெரு ஒன்றாகிவிடுவதற்குக் காரணமும் அதுதான்.

இந்த "நாம்" எப்போது கலைகிறது என்று பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். வெள்ளம் எல்லோர் வீட்டுக்குள்ளும் ஒரே மாதிரி வந்தது. நிவாரணம் அப்படி வருவதில்லை. கார்டு உள்ளவர், இல்லாதவர். சொந்த வீட்டுக்காரர், வாடகைக்கு இருப்பவர். மெயின் ரோட்டை ஒட்டிய வீடு, நான்காவது சந்துக்குள் இருக்கும் வீடு. கட்சிக்காரருக்குத் தெரிந்தவர், தெரியாதவர். நேற்று வரை ஒன்றாகச் சாப்பிட்டவர்களை இன்றைக்கு வரும் வண்டி பிரித்துவிடுகிறது.

இதன் மிகக் கொடூரமான உதாரணம் எங்கள் வியாசர்பாடியிலேயே நடந்தது. 2005 வடகிழக்குப் பருவமழையில் சென்னை மூழ்கியது. நவம்பர் 6ஆம் தேதி, வெள்ள நிவாரணம் கொடுத்த இடத்தில் நெரிசல் ஏற்பட்டு 6 பேர் செத்துப்போனார்கள். வெள்ளத்தில் தப்பித்த ஆட்கள், நிவாரணம் வாங்கப் போன இடத்தில் செத்தார்கள். அதோடு முடிந்திருந்தால்கூட ஒரு பாடமாக இருந்திருக்கும். ஆறு வாரம் கழித்து, டிசம்பர் 18ஆம் தேதி விடியும் முன்பு, எம்.ஜி.ஆர். நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நிவாரண டோக்கன் வாங்கக் கூடியிருந்த கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 42 பேர் இறந்தார்கள். அன்றோடு டோக்கன் கொடுப்பது முடிந்துவிடும் என்று ஒரு பேச்சு பரவியிருந்தது. ராத்திரியே வந்து கேட்டுக்கு வெளியே காத்திருந்தார்கள். மழைத் தூறல் விழுந்ததும் பின்னால் இருந்தவர்கள் உள்ளே ஒதுங்க முண்டினார்கள். அவ்வளவுதான்.

இந்த எம்.ஜி.ஆர். நகர் வட சென்னையில் இல்லை, கே.கே. நகரை ஒட்டி இருப்பது. "வட சென்னையில் ஏன்" என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நகரத்தின் எந்த மூலையாக இருந்தாலும், அதே சூழ்நிலையைக் கொண்டுபோய் வைத்தால் அதே விளைவுதான் வரும்.

அந்தச் சூழ்நிலை என்ன என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பத்திரிகையில் "கூட்டம் கட்டுக்கடங்காமல் முண்டியடித்தது" என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். படிப்பவருக்குச் செத்தவர்கள் மீதே கோபம் வருகிற மாதிரியான வாக்கியம் அது. உண்மையில் இந்த மாதிரி நெரிசலில் யாரும் யாரையும் வேண்டுமென்று மிதிப்பதில்லை. ஒரு சதுர மீட்டருக்கு நாலு பேர் வரை நிற்கும்போது நம் உடம்பை நாமே நகர்த்த முடியும். ஆறு, ஏழு பேர் என்று ஆகிவிட்டால் முடியாது. பின்னால் ஒருவர் அரை அடி முன்னே வைத்தால் அந்த அழுத்தம் உடம்பு உடம்பாகக் கடந்து முன்வரிசைக்குப் போய்ச் சேரும். முன்னால் பூட்டிய கேட் இருக்கிறது என்று வையுங்கள். கேட்டுக்கும் கூட்டத்துக்கும் நடுவில் இருப்பவர்கள் நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு முட்டி, நின்ற நிலையிலேயே சாகிறார்கள். பின்னால் இருப்பவருக்கு இது தெரியவே தெரியாது. அவர் காதுக்கு வருவது சத்தம் மட்டும். கேட் திறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் ஒரு அடி வைப்பார். இதில் பைத்தியக்காரத்தனம் எதுவும் இல்லை. ஒரே ஒரு வாசல், முன்னும் பின்னும் சேதி போகாத கூட்டம், கடைசி நாள் என்ற பயம். இந்த மூன்றையும் சேர்த்துவைத்தால் எந்தப் படித்த கூட்டத்திலும் பிணம் விழும்.

இதில் நான் அதிகம் யோசிப்பது அந்த மூன்றாவது விஷயத்தைப் பற்றி. வரிசையில் நிற்பது என்றால் என்ன? என் முறை வரும்போதும் சாமான் மிச்சம் இருக்கும் என்று நம்புவது. அந்த நம்பிக்கை இருக்கும் வரை கடைசியில் நிற்பவர்கூடப் பொறுமையாக நிற்பார். "ஆயிரம் மூட்டைதான் வந்திருக்கிறது, ரெண்டாயிரம் பேர் நிற்கிறார்கள்" என்ற பேச்சு ஒரு தடவை காதில் விழுந்துவிட்டால், ஒழுங்காக நிற்பவர் தன் பிள்ளையின் பங்கை விட்டுக்கொடுக்கிறவர் ஆகிவிடுகிறார். அவர் வரிசையை விட்டு ஓடுவதைக் குணக்கேடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வண்டியின் மேலே நின்றுகொண்டு பொட்டலத்தைக் கூட்டத்தின் மேல் வீசுகிறவர்கள் செய்வதும் இதே கேடுதான். நல்ல மனசோடுதான் வந்திருப்பார்கள். ஆனால் பலம் இருக்கிறவனுக்கு மூன்று பொட்டலம் கிடைக்கும், கைக்குழந்தையோடு வந்தவளுக்கு ஒன்றும் கிடைக்காது. வீசுவதை மட்டும் நிறுத்துங்கள் என்று நான் சொல்லாத பயிற்சி வகுப்பே இல்லை. வீடியோவில் நீங்கள் பார்த்த பிடுங்கல், வண்டி வந்து நின்ற விதத்தினாலேயே நடந்திருக்கும். வண்டிக்கு முன்னால் ஒரு ஆள் வந்து, தெருவில் எத்தனை வீடு என்று எண்ணி, பெயர் எழுதிவிட்டுப் போயிருந்தால் அதே ஜனங்கள் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்தது சேதி. கார்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மேன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1947இல் வதந்திக்கு ஒரு சூத்திரம் சொன்னார்கள். விஷயம் நமக்கு எவ்வளவு முக்கியமோ அதையும், அது எவ்வளவு தெளிவில்லாமல் இருக்கிறதோ அதையும் பெருக்கினால் வருவது வதந்தியின் பலம். கூட்டல் இல்லை, பெருக்கல். தெளிவின்மை பூஜ்யமாகிவிட்டால், விஷயம் உயிர்போகிற விஷயமாகவே இருந்தாலும் வதந்திக்கு வேலை இல்லை. பேரிடரில் முக்கியத்துவத்தைக் குறைக்க நம்மால் முடியாது. தெளிவின்மையைக் குறைக்க முடியும், அதுவும் அரசாங்கத்தால் மட்டும்தான் முழுதாக முடியும்.

அது முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2004 சுனாமி. டிசம்பர் 26ஆம் தேதி அலை வந்தது. தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எட்டாயிரம் பேர் போனார்கள். நான்கு நாள் கழித்து, 30ஆம் தேதி, மறுபடியும் அலை வரலாம் என்று மத்திய உள்துறையே எச்சரிக்கை விட்டது. கடலோரம் முழுக்க ஜனங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். நிவாரண வேலை அப்படியே நின்றது. பிறகு அதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று மத்திய அரசின் இன்னொரு துறையே சொன்னது. அன்றைக்கு ஓடியவர்களை "பீதியில் ஓடினார்கள்" என்று எழுதினார்கள். நான்கு நாள் முன்பு சொந்தக்காரரை இழந்தவர், அரசாங்கம் சொல்லி ஓடுவது பீதியா? அவர் ஓடாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். 2015 வெள்ளத்தில் முதலைப் பண்ணையில் இருந்து முதலைகள் தப்பி ஊருக்குள் வந்துவிட்டன என்று ஒரு பொய் சுற்றியது. பண்ணைக்காரர்கள் மறுத்தார்கள். போன் டவர் பாதி வேலை செய்யாத ஊரில் மறுப்பு போய்ச் சேருவதற்குள் பொய் ரெண்டு சுற்று வந்துவிடும்.

இதுவரை ஜனங்களின் பக்கத்தைச் சொன்னேன். ஒழுங்கு குலைவதில் இன்னொரு பக்கம் இருக்கிறது, அதைப் பற்றி நம் ஊரில் அதிகம் பேசுவதில்லை. மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களைப் பார்த்துப் பயப்படுவது. லீ கிளார்க், கேரன் செஸ் என்ற ஆய்வாளர்கள் 2008இல் இதை மேல்தட்டின் பீதி என்று பெயர் வைத்தே எழுதினார்கள். கூட்டம் பீதியடையும், கொள்ளையடிக்கும் என்று அதிகாரத்தில் இருப்பவர்கள் முன்கூட்டியே நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கையில் எடுக்கும் முடிவுகள்தான் பல சமயம் வெள்ளத்தைவிட மோசமாக முடிகின்றன.

1906இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தின்போது, கொள்ளையடிப்பவரைக் கண்டால் சுடலாம் என்று மேயர் அறிக்கை விட்டார். 2005 ஆகஸ்டில் கத்ரினா புயலில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியபோது, மாடிகளில் ஆட்கள் தவித்துக்கொண்டிருக்கும்போதே, மீட்பு வேலையில் இருந்த போலீசாரைக் கொள்ளையைத் தடுக்கப் போகச் சொல்லி மேயர் உத்தரவு போட்டார். மக்கள் தஞ்சம் புகுந்த விளையாட்டரங்கத்தில் கொலையும் பாலியல் வன்கொடுமையும் தலைவிரித்தாடுவதாகப் பேசப்பட்டது. பிறகு விசாரித்துப் பார்த்தபோது அதில் பெரும்பகுதி வெறும் பேச்சு என்று தெரிந்தது. செப்டம்பர் 4ஆம் தேதி டான்சிகர் பாலத்தில் ஆயுதம் இல்லாத குடும்பங்கள் மீது போலீசார் சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள், நான்கு பேர் படுகாயம் அடைந்தார்கள். அது பொய் இல்லை.

இதையெல்லாம்விடக் கொடியது 1923 செப்டம்பர் 1ஆம் தேதி டோக்கியோ, யோகோஹாமா பகுதியை அழித்த காண்டோ நிலநடுக்கத்துக்குப் பிறகு நடந்தது. கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள், தீ வைக்கிறார்கள் என்று வதந்தி. உள்துறை அமைச்சகமே அதை எச்சரிக்கையாக மாகாணங்களுக்கு அனுப்பியது. தெருத்தெருவாகக் காவல் குழுக்கள் கிளம்பி, ஆயிரக்கணக்கான கொரியர்களைக் கொன்றன. ஒழுங்கைக் காப்பாற்றுகிறோம் என்று கிளம்பியவர்கள்தான் அதைச் செய்தார்கள். வெள்ளம் வந்த இரவில் எங்கள் தெருவில் கம்போடு காவல் நிற்கும் பையன்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். அந்நியமாகத் தெரியும் வடமாநிலத் தொழிலாளி ஒருவரைப் பிடித்துவைத்து விசாரிப்பதில் இருந்துதான் அதெல்லாம் ஆரம்பிக்கும்.

நம் ஊரில் இதற்கு ஒரு பழைய உதாரணமும் உண்டு, இயற்கைப் பேரிடர் இல்லை என்றாலும். 1942 ஏப்ரலில் ஜப்பான் குண்டு போடப்போகிறது என்று அரசாங்கமே அலுவலகங்களை வெளியூருக்கு மாற்றியது. அதைப் பார்த்து நகரமே காலியானது. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சி சாலையை, அந்தக் கால ஆட்கள் உயிர் காலேஜ் என்பார்கள், அங்கே கூண்டில் இருந்த சிங்கம் புலிகளைத் தப்பிவிடும் என்று பயந்து சுட்டுக் கொன்றார்கள்.

சரி, கொள்ளையே நடப்பதில்லையா என்றால், நடக்கும். 1989 செப்டம்பரில் ஹ்யூகோ புயல் கரீபியன் கடலில் உள்ள செயின்ட் குரோய் தீவைச் சாய்த்த பிறகு அங்கே பெரும் கொள்ளை நடந்தது. கொள்ளை அபூர்வம் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்ன குவாரன்டெல்லியே அதைப் போய்ப் பார்த்து, ஆமாம், இது நிஜம் என்று ஒப்புக்கொண்டார். காரணத்தையும் சொன்னார். புயலுக்கு முன்பே அந்தத் தீவில் ஏழை பணக்காரன் இடைவெளி மிகப் பெரிதாக இருந்தது, சில்லறைத் திருட்டு சகஜமாக இருந்தது, போலீஸ் மேல் யாருக்கும் மரியாதை இல்லை. புயல் வந்து வெளியுலகத் தொடர்பும் அறுந்ததும், இருந்த பூட்டும் போனது. நியூயார்க்கில் 1965 நவம்பரில் ஊர் முழுக்கக் கரண்ட் போனது, ராத்திரி அமைதியாகக் கழிந்தது. 1977 ஜூலையில் மின்னல் தாக்கி மறுபடி போனது, ஆயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன, மூவாயிரத்துக்கு மேல் கைது. 2003இல் மறுபடி இருட்டு, மறுபடி அமைதி. நகரம் அதே நகரம், இருட்டும் அதே இருட்டு. 1977இல் அந்த நகரம் திவாலாகும் நிலையில், வேலை இல்லாத இளைஞர்களோடு, கொதிப்பில் இருந்தது. எங்கே ஏற்கெனவே விரிசல் இருந்ததோ அந்த வழியாகத்தான் உடைகிறது.

விலை விஷயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 2015இல் ஒரு லிட்டர் பால் நூறு ரூபாய்க்கு விற்றதைச் சென்னையில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பூட்டிய கடையின் ஷட்டரை உடைத்துப் பால் பாக்கெட் எடுத்தால் கொள்ளை. திறந்த கடையில் இரண்டு மடங்கு விலை வைத்தால் வியாபாரம். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. 1918இல் மழை பொய்த்து, யுத்தத்தால் விலைவாசி ஏறி, அந்த செப்டம்பரில் மதராஸ் நகரிலேயே தானியக் கடைகள் சூறையாடப்பட்டன. அந்தக் காலத்தில் தென்னிந்தியா முழுக்க நடந்த இத்தகைய கலவரங்களில் கூட்டம் பல இடங்களில் பதுக்கல் வியாபாரிகளைக் குறிவைத்துத்தான் போனது, நியாய விலைக்கு விற்கச் சொல்லிக் கேட்டது. பசி வந்ததும் புத்தி கெட்டுக் கண்ணில் பட்டதை எல்லாம் அடித்து நொறுக்கினார்கள் என்ற சித்திரம் அதற்கும் பொருந்தாது.

வட சென்னைக்கு வருகிறேன். பஞ்சமும் வெள்ளமும் நிவாரணமும் இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. ஹைதர் அலியோடு நடந்த யுத்தத்தின் பஞ்சத்தில் 1782இல் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தில் இருந்துதான் ஸ்டான்லி மருத்துவமனை வளர்ந்தது. வயசானவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். இப்போது எங்களை மூழ்கடிக்கும் பக்கிங்காம் கால்வாயில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. உதவி வாங்க வரிசையில் நிற்பது இங்கே தலைமுறை தலைமுறையாக நடப்பது. அதில் யார் பெயர் விடுபடும், எந்தத் தெரு கடைசியாக வரும் என்ற அனுபவமும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருக்கிறது. தாழ்வான நிலம், அடைத்துக்கிடக்கும் கால்வாய், நெருக்கமான குடியிருப்பு. மழை வந்தால் மற்றவர்களுக்குத் தண்ணீர் மட்டும் வரும், மிக்ஜாமில் எண்ணூர், மணலி பக்கம் வீட்டுக்குள் எண்ணெயும் சேர்ந்து வந்தது. மீன்பிடிப் படகும் வலையும் கறுப்பாகிப் போய், முகத்துவாரத்து மீனவர்கள் வாரக்கணக்கில் தொழிலுக்குப் போக முடியவில்லை.

அந்த வீடியோவில் பார்த்த சாலை மறியலைப் பற்றி இப்போது சொல்லலாம். அதை ஒழுங்கு குலைந்ததற்கு அடையாளமாக நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். நான் நேர்மாறாகப் பார்க்கிறேன். மூன்று நாள் கரண்ட் இல்லை, தண்ணீர் வடியவில்லை, போனை எடுப்பார் இல்லை. அப்போது தெருப் பெண்கள் நாற்காலிகளையும் காலிக் குடங்களையும் கொண்டுபோய் மெயின் ரோட்டில் வைக்கிறார்கள். ஆம்புலன்ஸ் வந்தால் உடனே வழிவிடுகிறார்கள். போலீஸ் வந்தால் பேசுகிறார்கள். மின்வாரிய உதவிப் பொறியாளர் அல்லது கவுன்சிலர் வந்து, இத்தனை மணிக்குள் லைன் கொடுப்போம், மோட்டார் வைப்போம் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னதும் எழுந்து போகிறார்கள். அவர்கள் கேட்பது ஒரு நேரத்தை, அதைச் சொல்ல ஒரு ஆளை. யார் முன்னால் உட்காருவது, யார் பேசுவது, எப்போது எழுந்திருப்பது என்று எழுதாத விதிகள் அத்தனையும் இருக்கும் ஒரு காரியம் அது. அப்படி ஒரு தெரு சேர்ந்து உட்கார முடிகிறது என்றால் அங்கே கட்டுக்கோப்பு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

அதே சமயம், தெருவின் கட்டுக்கோப்பை ஒரேயடியாகப் புகழ்ந்துவிடவும் முடியாது. டேனியல் ஆல்ட்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் காண்டோ, கோபே, தமிழ்நாட்டுச் சுனாமி, கத்ரினா எல்லாவற்றையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். இங்கே கடலோரக் கிராமங்களில் ஊர் பஞ்சாயத்து வலுவாக இருந்து, வெளியே அதிகாரிகளோடும் தொண்டு நிறுவனங்களோடும் தொடர்பும் இருந்த இடங்களுக்கு நிவாரணம் சீக்கிரமும் அதிகமாகவும் வந்தது. ஆனால் அந்த ஊர்ப் பட்டியலில் தலித்துகள், தனியாக வாழும் பெண்கள், வெளியூரில் இருந்து வந்து குடியேறியவர்கள் பெயர் பல இடங்களில் விடுபட்டது. முகாம்களிலேயே தலித்துகளைச் சேர்க்க மறுத்த சம்பவங்களும் அந்தச் சுனாமியில் பதிவாகியிருக்கின்றன. "நாம்" என்று சேரும்போதே யாரையோ வெளியே வைத்துவிடுகிறோம். எங்கள் பக்கத்திலும் வாடகைக்கு இருக்கும் குடும்பம், குடோனில் தங்கி வேலை செய்யும் வடமாநிலத்துப் பையன்கள், திருநங்கைகள், இவர்கள் பெயரைத் தெருத் தலைவரின் பட்டியலில் நான் தனியாகத்தான் கேட்டு எழுதவைக்க வேண்டியிருக்கிறது.

திருட்டுப் பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கொள்ளை குறைவாக நடந்தாலும், நடக்கும் என்ற பயம் நிறைய. அதனால் கழுத்தளவு தண்ணீரிலும் ஒருவர் வீட்டை விட்டு வர மாட்டார். வாழ்நாள் சேமிப்பில் வாங்கிய டிவி, பீரோ, பொண்ணு கல்யாணத்துக்குச் சேர்த்த பாத்திரம் எல்லாம் அங்கே இருக்கிறது. "வாங்கம்மா முகாமுக்குப் போகலாம்" என்றால் வர மாட்டார்கள். "உங்க சந்துல ரெண்டு பசங்க ராத்திரி பூரா இருப்பாங்க, பேர் இது, போன் நம்பர் இது" என்றால் வருவார்கள். கொள்ளை பற்றிய செய்தியை டிவியில் திரும்பத் திரும்ப ஓட்டுகிறவர்கள், அதைப் பார்த்து எத்தனை பேர் வீட்டை விட்டு நகராமல் ஆபத்தில் இருந்துவிடுகிறார்கள் என்று யோசிக்க வேண்டும்.

2005ஐயும் 2023ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் வாதம் இன்னும் தெளிவாகும். மிக்ஜாமுக்குப் பிறகு குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் அறிவித்து, டிசம்பர் 17ஆம் தேதியில் இருந்து அந்தந்த ரேஷன் கடையிலேயே கொடுத்தார்கள். முன்கூட்டியே டோக்கன், அதில் தேதி, நேரம். கார்டு இல்லாதவர்கள் விண்ணப்பம் கொடுக்க வழி இருந்தது. ஜனங்கள் அதே ஜனங்கள், தேவையும் அதே தேவை. தள்ளுமுள்ளு ஆங்காங்கே இருந்தது, விடுபட்டவர்களின் குறையும் கோபமும் நிறைய இருந்தது. 2005 போலப் பிணம் விழவில்லை. ஒரே கேட்டில் ஆயிரக்கணக்கானவர்களைக் குவிக்காமல், தெரிந்த கடைக்கு, தெரிந்த நேரத்துக்கு வரச் சொன்னதால் வந்த வித்தியாசம் இது. 2005இல் செத்த 48 பேரும் இப்படிப் பிழைத்திருக்கலாம் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அதனால் அடுத்த மழையில் உதவிக்கு வர நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சாமானோடு வருவதற்கு முந்தின நாள் ஒருவர் வெறுங்கையோடு வந்து வீடுகளை எண்ணுங்கள். பெயர்ப் பட்டியலை ரேஷன் கடைச் சுவரிலோ மாவுக்கடை வாசலிலோ எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுங்கள். விடுபட்டவர் வந்து சேர்க்கச் சொன்னால் அங்கேயே சேருங்கள். மைக் கட்டிய ஆட்டோவில் எப்போது வருவோம், என்ன தருவோம், இன்றைக்கு வாங்காதவர்களுக்கு நாளைக்கும் உண்டு என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். கடைசி நாள் என்ற வார்த்தையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வாயில் எடுக்காதீர்கள். நூறு பேருக்குத்தான் இருக்கிறது என்றால் நூறு வீடு உள்ள ஒரே சந்துக்குள் போய், வாசல் வாசலாகக் கொடுத்துவிட்டு வாருங்கள். முடிந்தால் சந்தின் கடைசி வீட்டில் இருந்து ஆரம்பியுங்கள்.